மாதவிடாய்தான் நின்றுவிட்டதே, அப்புறம் எதற்கு இந்த மாத்திரை?

டாக்டரிடம் கேளுங்கள்: மார்பகப் புற்றுநோய்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாத்திரையைச் சுற்றித்தான். அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்த பிறகு, தினம் ஒன்று என்று வருடக்கணக்கில் சாப்பிடச் சொல்கிறோமே, அந்தச் சின்ன மாத்திரை. ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை தோன்றாத கேள்விகள் எல்லாம் வீட்டுக்கு வந்து நிம்மதியாக உட்கார்ந்த பிறகுதான் வரும் போலிருக்கிறது. மதுரையில் புற்றுநோய் மருத்துவராக இருக்கும் எனக்கு இவை ஓ.பி.யில் தினமும் கேட்கும் கேள்விகள்தான். அங்கே கதவுக்கு வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

எனக்கு 58 வயது. மாதவிடாய் நின்று எட்டு வருடம் ஆகிறது. போன வருடம் இடது மார்பில் கட்டியை எடுத்து, ரேடியேஷனும் முடித்துவிட்டார்கள். இப்போது லெட்ரோசோல் மாத்திரையை ஐந்து வருடம் சாப்பிட வேண்டுமாம். ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை என்கிறார்கள். மாதவிடாய் நின்றாலே ஹார்மோனும் நின்றுவிடும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இல்லாததை எப்படிக் குறைப்பது?
- வாசகி, திண்டுக்கல்

கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. மாதவிடாய் நிற்கும்போது சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. ஆனால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் தயாராவது அதோடு முடிந்துவிடாது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். நம் கொழுப்பிலும் தசையிலும், ஏன், மார்பகத்திலேயேகூட, அரோமடேஸ் என்றொரு நொதி உண்டு. அது அந்த ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கல்யாண வீட்டில் பெரிய கோட்டை அடுப்பை அணைத்த பிறகும் கொல்லையில் ஒரு குமுட்டி அடுப்பு கனன்றுகொண்டிருக்குமே, அந்த மாதிரி. அளவு கொஞ்சம்தான். ஆனால் ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் வகைப் புற்றுநோய்க்கு அந்தக் கொஞ்சமே போதும்.

லெட்ரோசோல் அந்த அரோமடேஸ் நொதியைத்தான் தடுக்கிறது. உங்கள் வயதில் உடம்பில் உண்டாகும் ஈஸ்ட்ரோஜனில் 95 சதவீதத்துக்கும் மேல் இதனால் குறைந்துவிடும். இதே வேலையைச் செய்யும் மாத்திரைகள் மூன்று: லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி. பலனில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். "பக்கத்து வீட்டம்மாவுக்கு 25 எழுதியிருக்கிறார்கள், எனக்கு வெறும் இரண்டரைதானே" என்று வருத்தப்படுபவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். மில்லிகிராமை வைத்து மருந்தின் வீரியத்தை எடை போடாதீர்கள்.

இந்தச் சிகிச்சையின் யோசனை நேற்று வந்ததல்ல. ஈஸ்ட்ரோஜன் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலத்தில், 1896-ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களுக்கு முற்றிய மார்பகப் புற்றுநோய் சுருங்குகிறது என்று எழுதினார். அன்று கத்தியால் செய்ததன் ஒரு பகுதியை இன்று ஒரு மாத்திரை செய்கிறது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) என்று இரண்டு வரிகள் இருக்கும். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால்தான் இந்த மாத்திரைக்கு வேலை. நெகட்டிவ் என்றால் இதை வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் பயன் இல்லை. அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்துக்கொண்டால்கூடத் தப்பில்லை. மழைக்காலத்தில் பீரோவுக்கு மேலே வைத்து எழுத்தே தெரியாமல் நனைந்துபோன ஃபைல்கள் என் மேஜைக்கு நிறைய வருகின்றன.

எனக்கு 63 வயது. மெடிக்கல் ஷாப்பில் லெட்ரோசோல் சீட்டைக் கொடுத்தேன். அந்தத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது குழந்தை உண்டாகச் சாப்பிடற மாத்திரையாச்சே, யாருக்கும்மா?" என்று கேட்டார். கூட வந்த மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு மாத்திரை மாற்றி எழுதிவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, விருதுநகர்

மாற்றி எழுதவில்லை. கடைக்காரத் தம்பி சொன்னதும் பொய்யில்லை. இதே மாத்திரையைக் குழந்தையின்மைச் சிகிச்சையில், மாதத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை "இன்னும் வேலை செய்" என்று சினைப்பையை விரட்டும், கருமுட்டை வளரும். நம் நாட்டில் 2011-ல் அந்தப் பயன்பாட்டுக்குத் தடை போட்டு, 2017-ல் தடையை நீக்கினார்கள். புற்றுநோய்க்கு அதைக் கொடுப்பதில் எந்தத் தடையும் இருந்ததில்லை.

உங்கள் சினைப்பைகள் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. மூளை எவ்வளவு விரட்டினாலும் அவை அசையப் போவதில்லை. உங்கள் பேரனுக்குப் புதிதாகச் சித்தப்பா யாரும் வரமாட்டார் என்று மருமகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இதே விஷயம் அடுத்த கடிதம் எழுதிய வாசகிக்குச் சிரிக்கிற சமாசாரம் அல்ல.

எனக்கு 46 வயது. கட்டி இருந்ததால் 38 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அன்றோடு மாதவிடாயும் நின்றது. இப்போது மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்து, டமாக்ஸிஃபென் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என்னோடு கீமோ எடுத்த அக்காவுக்கு லெட்ரோசோல். "மாதவிடாய் நின்றவங்களுக்கு இதுதான் நல்லது, உனக்குப் பழைய மாத்திரையைக் குடுத்துட்டாங்க" என்கிறார். அவரிடம் அட்டை மிச்சம் இருக்கிறது. வாங்கிச் சாப்பிடலாமா?
- வாசகி, கரூர்

வேண்டவே வேண்டாம். இந்தப் பதிலை முழுசாகப் படித்துவிட்டு அந்த அக்காவிடமும் காட்டுங்கள்.

மாதவிடாய் நின்றுபோவதும் சினைப்பை ஓய்ந்துபோவதும் ஒன்றல்ல. உங்களுக்கு எடுத்தது கர்ப்பப்பையை. உதிரம் வரும் இடம் போய்விட்டது, அதனால் மாதவிடாய் இல்லை. சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால், 46 வயதில் அவை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். நம் ஊரில் பெரும்பாடு, கட்டி என்று நாற்பது வயதுக்குள்ளேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் ஏராளம். "மாதவிடாய் நின்றுவிட்டதா?" என்று கேட்டால், "ஆமா டாக்டர், எடுத்தாச்சு" என்பார்கள். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லியிருக்க வேண்டியது ஆபரேஷன் செய்தவர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் எடுத்துப் பாருங்கள். சினைப்பைகளில் ஒன்றை எடுத்தார்களா, இரண்டையும் எடுத்தார்களா, அல்லது இரண்டுமே இருக்கின்றனவா என்று அதில் இருக்கும். சீட்டே இல்லை என்றால் ஸ்கேனில் பார்க்கலாம்.

சினைப்பை வேலை செய்யும் பெண் லெட்ரோசோலை மட்டும் சாப்பிட்டால், மேலே விருதுநகர் அம்மாவுக்குச் சொன்னேனே, அதுதான் நடக்கும். மூளை விரட்டும், சினைப்பை முன்பைவிட அதிகமாக ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். குறைக்கப்போய்க் கூட்டிய கதையாகிவிடும்.

கீமோவால் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் கழித்துக்கூட சினைப்பை விழித்துக்கொள்வது உண்டு. அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு சினைப்பை வேலை செய்கிறதா என்று காட்டும் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடயால் என்ற ரத்தப் பரிசோதனைகளைத் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். லெட்ரோசோல் வகைதான் தேவை என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்தால், சினைப்பையை அடக்கிவைக்கும் கோசெரலின் போன்ற ஊசியை 28 நாளுக்கு ஒரு முறை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுக்கொண்டேதான் மாத்திரை சாப்பிட வேண்டும்.

டமாக்ஸிஃபென் பழைய மருந்துதான். அமெரிக்காவில் 1977-லேயே அனுமதி பெற்றது. பழையது என்பதாலேயே மட்டம் ஆகிவிடாது. அது ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதில்லை. மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் சினைப்பை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் பலன் தரும். அதன் பெரிய பக்கவிளைவுகளில் ஒன்று கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுவது. உங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு மட்டும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனச்சோர்வுக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் பெயரைச் சொல்லிவிடுங்கள். பராக்ஸிடின், ஃப்ளுவாக்ஸிடின் இரண்டும் டமாக்ஸிஃபென்னின் பலனைக் குறைக்கக்கூடியவை. மாற்று மருந்துகள் இருக்கின்றன.

எனக்கு 61 வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். லெட்ரோசோல் ஆரம்பித்த இரண்டாம் மாதத்திலிருந்து காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை. மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குகிறேன். கடைசியில் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்று மாதம் ஆகிறது, வலி பாதி குறைந்திருக்கிறது. மகளுக்குத் தெரியாது. அவள் வாங்கித்தரும் அட்டைகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. இந்தச் சின்ன மாத்திரையைச் சாப்பிடாததால் அப்படி என்ன ஆகிவிடும்?
- வாசகி, தூத்துக்குடி

உங்கள் கடிதத்தைத்தான் இந்த வாரம் அதிக நேரம் வைத்துப் படித்தேன். முதலில் ஒன்று: உங்கள் வலி உண்மையானது. "வயசானா மூட்டு வலிக்காதா" என்று யாராவது சொல்லியிருந்தால் தள்ளிவிடுங்கள். இந்த வகை மாத்திரை எடுக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூட்டு வலியோ விறைப்போ இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆரம்பித்த சில வாரங்களில், மாதங்களில் வரும். விரல், மணிக்கட்டு, முழங்கால்தான் அதிகம். தூங்கி எழுந்தால் மோசமாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதும் அச்சு அசலாக இதுதான்.

என்ன ஆகிவிடும் என்று கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன். ஈ.ஆர். பாசிட்டிவ் புற்றுநோய் பொறுமைசாலி. சிகிச்சை முடிந்து பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூட எலும்பிலோ நுரையீரலிலோ தலைகாட்டும் சுபாவம் அதற்கு. ஐந்து வருடம் டமாக்ஸிஃபென் எடுத்த பெண்களில், முதல் 15 வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. லெட்ரோசோல் வகை மாத்திரைகள் அந்த டமாக்ஸிஃபென்னைவிடவும் பத்து வருடக் கணக்கில் அந்த இறப்பைச் சுமார் 15 சதவீதம் குறைக்கின்றன என்று, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அலமாரியில் இருக்கும் அட்டைக்குள் இருப்பது இதுதான். மூன்று மாதம் விட்டதால் எல்லாம் போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். மறுபடி தொடங்கலாம். விட்ட மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட வேண்டியதில்லை.

அதற்காக இதே வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியவை இருக்கின்றன.

என்னிடம் வரும் ஒருவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ கட்டுபவர். மல்லிகையை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, நாரைச் சுற்றி, கட்டைவிரலால் முடிச்சை இறுக்க வேண்டும். அந்த முடிச்சில் விரல் நின்றுவிடுகிறது என்றார். சொன்னால் எனக்குப் புரியாது என்று பையிலிருந்து நாரை எடுத்து என் மேஜையிலேயே கட்டிக் காட்டினார். கட்டைவிரல் பாதியில் சிக்கி, "டக்" என்று விடுபட்டது. மாத்திரை எடுப்பவர்களுக்கு வருகிற இந்த விரல் சிக்கலைத் தனியாகவே கவனிக்க வேண்டும், அதற்கு ஊசியும் உண்டு. அவருக்கு நாங்கள் ரத்தத்தில் வைட்டமின் டி, தைராய்டு, முடக்குவாதப் பரிசோதனை பார்த்தோம். பழைய சிக்குன்குனியா வலியா என்றும் விசாரித்தோம். வைட்டமின் டி படு குறைவு, அதைச் சரிசெய்தோம். அதோடு மாத்திரையைச் சில வாரம் நிறுத்திவைத்தோம். இங்கே நன்றாகக் கவனியுங்கள், மருத்துவர் தேதி குறித்து நிறுத்துவது வேறு, நாமே நிறுத்துவது வேறு. பிறகு லெட்ரோசோலுக்குப் பதில் எக்ஸிமெஸ்டேன் கொடுத்தோம். தடுக்கும் நொதி ஒன்றுதான் என்றாலும், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் நிறையப் பேருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. ஏன் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை, ஆனால் நடக்கிறது. இப்போது அவர் அதிகாலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன் இளஞ்சூடான தண்ணீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார். விறைப்பு முழுக்கப் போகவில்லை. முழம் குறையவில்லை.

மூன்றுமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டமாக்ஸிஃபென் இருக்கிறது. அதில் மூட்டு வலி குறைவு. வலிக்கு டுலாக்ஸிடின் என்ற மாத்திரை சிலருக்கு உதவுகிறது. அக்குபஞ்சர் பற்றி 2018-ல் நல்ல முறையில் செய்த ஓர் ஆய்வு வந்தது. ஓரளவு பலன் உண்டு, அற்புதம் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது உடற்பயிற்சியை. "வலிக்குது, எப்படி நடக்கிறது" என்று அடிக்க வருவீர்கள். அமெரிக்காவில் இதே மாத்திரையால் மூட்டு வலி வந்த பெண்களை வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடையும், இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்யவைத்தார்கள். ஒரு வருடத்தில் வலி சுமார் 30 சதவீதம் குறைந்தது. சும்மா இருந்தவர்களுக்குக் குறையவில்லை. ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து ஏற்றி இறக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். உங்கள் ஊரில் சாயங்காலம் கடற்கரையில் நடக்க இடம் இருக்கிறது.

மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மருத்துவரிடமும் மூன்று மாதம் நிறுத்தியதைச் சொல்லுங்கள். நிறுத்தியதை மறைத்துவிட்டு "மாத்திரை சாப்பிடுகிறேன், வலி குறைந்துவிட்டது" என்றால் நாங்கள் தப்பான கணக்குப் போடுவோம். திட்டினால் திட்டட்டும்.

அம்மாவுக்கு 67 வயது. அனஸ்ட்ரோசோல் எடுக்கிறார். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.7 என்று வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும் என்கிறார்கள். சொந்தத்தில் ஒருவர், "அந்த ஊசி போட்டா தாடை எலும்பு செத்துடும், பாலும் கேழ்வரகும் குடுத்தா போதும்" என்கிறார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.
- மகள், கோவை

ஈஸ்ட்ரோஜன் எலும்புக்குக் காவல். அதைக் குறைத்தால் எலும்பு தேயும். இது எதிர்பார்த்த செலவுதான். அதனால்தான் மாத்திரை ஆரம்பிக்கும்போதே டெக்ஸா ஸ்கேன் எடுத்து, ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்கிறோம். மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் எலும்புப் புரை. அம்மாவுக்கு ஊசி தேவைதான்.

எந்த ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. ஜோலட்ரோனிக் ஆசிட் என்றால் டிரிப்பில் ஏற்றுவார்கள், கால் மணி நேர வேலை. முதல் முறை போட்டதும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். போடும் முன் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும். இந்த ஊசியால் இன்னொரு லாபமும் உண்டு: மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்பில் திரும்ப வரும் வாய்ப்பும் இதனால் ஓரளவு குறைகிறது. டெனோசுமாப் என்றால் தோலுக்கடியில் 60 மி.கி. போடுவார்கள். அதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் போட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டால் எலும்பு வேகமாகத் தேய்ந்து முதுகெலும்பு முறிந்த கேஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

தாடை விஷயம் கட்டுக்கதை அல்ல, ஆனால் இந்த அளவில் கொடுக்கும்போது மிக அரிது. பெரும்பாலும் பல் பிடுங்கிய இடத்தில்தான் வரும். எனவே ஊசிக்கு முன்னால் பல் டாக்டரிடம் அம்மாவைக் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகு ஊசியை ஆரம்பியுங்கள். வெற்றிலை பாக்கோடு புகையிலையும் போடும் பழக்கம் இருந்தால், நிறுத்த இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

கேழ்வரகு நல்லதுதான். 100 கிராம் மாவில் ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி. தேவை. களி, பால், தயிர், முருங்கைக்கீரை, பிடித்தால் நெத்திலி எல்லாம் கொடுங்கள். மைனஸ் 2.7-ஐ அது மட்டும் சரிசெய்யாது. தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால், கால்சியம் மாத்திரையை அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

ஊசிக்கு ஆகும் யோசனையில் பாதியைக் குளியலறைக்குக் கொடுங்கள். நான் பார்த்த இடுப்பெலும்பு முறிவுகளில் பல, துணி துவைத்துவிட்டு சோப்புத் தண்ணீரை அப்படியே விட்ட தரையில் நடந்தவை. ஒரு கைப்பிடிக் கம்பி, சொரசொரப்பான மிதியடி, ராத்திரி எரியும் ஒரு சின்ன பல்பு. எலெக்ட்ரீஷியனையும் கொத்தனாரையும் கூப்பிட்டால் ஒரே நாளில் முடிகிற வேலை.

என் மனைவிக்கு 56 வயது. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து என் பக்கத்தில் படுக்கவே தயங்குகிறாள். கேட்டால் எரிச்சல், வலி என்கிறாள். டாக்டரிடம் கேட்க அவளுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். இந்த வயதில் இதைக் கேட்கலாமா என்றும் தெரியவில்லை.
- வாசகர், நாகர்கோவில்

கேட்கலாம் ஐயா. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகும். உறவின்போது வலிக்கும், சிறுநீர் கழிக்கும்போதுகூட எரியலாம். உங்கள் மேல் அவருக்குப் பிரியம் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். உறவின்போது தண்ணீரில் கரையும் வழவழப்பு ஜெல் தனி. ஈஸ்ட்ரோஜன் கலந்த க்ரீமை மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். வேறு டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் சரி. கூச்சமாக இருந்தால் வார்டில் இருக்கும் சிஸ்டரிடம் உங்கள் மனைவி தனியாகப் பேசட்டும். அவர்கள் இதைத் தினமும் கேட்பவர்கள்தான்.

சிறு சிறு கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காலையா, இரவா? எதுவானாலும் சரி, தினமும் ஒரே நேரம். எக்ஸிமெஸ்டேனை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட வேண்டும். ஒரு நாள் மறந்தால்? நினைவு வந்ததும் சாப்பிடலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். ஓர் அம்மா மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பாராம். என் ஆலோசனையைவிட அது நல்ல ஏற்பாடு. சோயா, மீல் மேக்கர் சாப்பிடலாமா? சாப்பாடாகச் சாப்பிடலாம், மாத்திரையாக, பவுடராக வேண்டாம். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம், "பெண்களின் ஹார்மோனைச் சீராக்கும்" என்று விளம்பரம் வரும் பொடிகள்? ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளக்கூடிய பொருட்கள் இவற்றில் இருக்கலாம் என்பதால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். திடீர் திடீரென்று உடம்பு தகிக்கிறது, ராத்திரி வியர்த்து ஊற்றுகிறது என்பவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். விலை? லெட்ரோசோலும் அனஸ்ட்ரோசோலும் ஜெனரிக்கில் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. மக்கள் மருந்தகங்களில் விசாரியுங்கள். பணம் இல்லை என்று மாத்திரையை நிறுத்துவதற்கு முன் அரசு மருத்துவமனைப் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த மாதத்தோடு ஐந்து வருடம் முடிகிறது. நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். சந்தோஷப்பட வேண்டிய நான் பயந்துபோய் இருக்கிறேன். என் அக்குளில் நெறிக்கட்டி எதிலும் புற்றுநோய் இல்லை. பத்து வருடம் சாப்பிட்டால் இன்னும் பாதுகாப்பு இல்லையா?
- வாசகி, தஞ்சாவூர்

நிறுத்தும்போது பயப்படுபவர்கள் நிறைய. தினம் எதிரியை ஓர் அடி அடித்துக்கொண்டிருந்தோம், இனி கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமே என்ற பயம். ஆனால் அதிக வருடம் என்றால் அதிகப் பாதுகாப்பு என்று கணக்கு நேர்கோட்டில் போவதில்லை. ஆஸ்திரியாவில், ஐந்து வருட ஹார்மோன் சிகிச்சையை முடித்த பெண்களில் ஒரு பாதிக்கு இன்னும் இரண்டு வருடமும், மறுபாதிக்கு இன்னும் ஐந்து வருடமும் அனஸ்ட்ரோசோல் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. நோய் திரும்புவதில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. எலும்பு முறிவு மட்டும் ஐந்து வருடம் கூடுதலாக எடுத்தவர்களுக்கு அதிகம். நெறிக்கட்டியில் பரவியிருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ ஏழு வருடம், சில சமயம் அதற்கு மேலும் நீட்டிப்போம். உங்களுக்கு அப்படி இல்லை. உங்கள் மருத்துவர் சொல்வது சரியாகத்தான் படுகிறது.

மாத்திரை நின்றாலும் வருடாந்திர மேமோகிராம் நிற்கக் கூடாது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் இன்னும் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம், அலமாரியில் மிச்சம் இருக்கும் அட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கரூர் வாசகிக்குக் கிடைக்க இருந்தது அப்படி மிஞ்சிய அட்டைதான்.